ஊசி நுனி கிடைக்காததால் வர இயலவில்லை

கோனாபாடி, காஜிப்பூர்
வெள்ளிக்கிழமை காலை

மதிப்பிற்குரிய சம்பந்தி தொஃபாஸல் மாஸ்டர் அவர்களுக்கு, குத்தூஸ் மியா பணிவுடன் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் என் மனைவி ஹலிமாவும் நலம். போலாவில் தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், ஏழு மாத வயிற்றோடு இருக்கும் என் மகள் ஷெஃபாலியும் நலமாயிருக்க இறைவன் அருள்வானாக.

இந்நேரம் நான் உங்கள் வாசலில் நிற்க வேண்டியவன். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துப்போக, ராத்திரி லாஞ்ச் படகேறி வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். "இந்தத் தடவையும் வரலேன்னா பொண்ணை அனுப்ப மாட்டேன், பிரசவம் இங்கதான்" என்று தாங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நேற்று மாலையிலிருந்து பதினோரு முறை போன் செய்துவிட்டேன், தாங்கள் எடுக்கவில்லை. தங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் காரணத்தைக் கேட்டுவிட்டுக் கோபப்பட வேண்டுகிறேன்.

காரணம் ஒரு ஊசி. எங்கள் கம்பெனியில் தைப்பதெல்லாம் ஏற்றுமதிக்கான கைக்குழந்தைச் சட்டைகள் என்பது தாங்கள் அறிந்ததே. மெஷினில் ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டுகளும் கிடைத்தாக வேண்டும், அவற்றை ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தரம் பார்க்கிற நான் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஊசி. புதன்கிழமை மர்ஜினா என்கிற பெண்ணின் மெஷினில் ஊசி உடைந்தது, இரண்டு துண்டு கிடைத்தது, நுனியைக் காணோம். மெஷினுக்கு அடியில் காந்தத்தை ஓட்டினோம், குப்பையைக் கொட்டிக் கிளறினோம், அந்தப் பெண் கொண்டையை அவிழ்த்துத் தலையை உதறினாள், ஒன்றும் இல்லை. அடுத்த நாள் வாங்குகிற கம்பெனியின் ஆள் சோதனைக்கு வருகிறார். புரொடக்ஷன் மேனேஜர் ரேஸா சார் ஓடி வந்தார்.

"குத்தூஸ் பாய், பொழைக்கத் தெரியாத ஆளா இருக்கீங்களே! புதுசா ஒரு ஊசியை ஒடைச்சு நுனியை ஒட்டுங்க, கையெழுத்தைப் போடுங்க, லாஞ்சைப் பிடிங்க. ஊரே அப்படித்தான பண்ணுது?"

மாஸ்டர் சாஹேப், உங்களிடம் மறைக்க மாட்டேன். குறட்டில் புது ஊசியை வைத்தும்விட்டேன். அப்போது மேஜைமேல் அந்தச் சட்டை ஒன்று கிடந்தது, என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. பிறக்கப்போகும் நம் பேரனுக்கோ பேத்திக்கோ அதே அளவுதானே? கை ஓடவில்லை. ரிஜிஸ்டரில் 'கிடைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

உலோகம் கண்டுபிடிக்கும் மெஷினில் சட்டைகளை விட்டால் அது ஒவ்வொன்றுக்கும் கத்தியது. எல்லோரும் வெலவெலத்துப் போனோம். கடைசியில் பார்த்தால் நான் அதன்மேல் சாய்ந்து நின்றிருக்கிறேன், சட்டைப் பையில் வெற்றிலை டப்பா. "பாய், அது துணியைப் பாத்துக் கத்தல, உங்களப் பாத்துக் கத்துது, தள்ளி நில்லுங்க" என்றார் ரேஸா சார். தள்ளி நின்றேன், அது ஒன்றுக்கும் கத்தவில்லை. அதையும் எனக்கு நம்ப முடியவில்லை. மர்ஜினாவும் நானும் ஒவ்வொரு சட்டையையும் புரட்டிக் கையால் தடவ ஆரம்பித்தோம். "என் வேலை போயிடுமா பாய்?" என்று ஐம்பது சட்டைக்கு ஒரு தரம் கேட்டாள். நான் அடுத்த சட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

வியாழக்கிழமை டாக்காவிலிருந்து வந்த சோதனைக்கார அம்மா ரிஜிஸ்டரை நிதானமாகப் படித்தார். "நாலு வருஷமா நான் பாக்காத கம்பெனி இல்ல. எல்லா ரிஜிஸ்டர்லயும் எல்லா ஊசியும் முழுசா கிடைச்சிருக்கு. 'கிடைக்கல'ன்னு எழுதின முதல் ஆள் நீங்கதான். அந்தப் பொண்ணு மேல யாரும் கை வைக்கக் கூடாது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அடுத்த வார்த்தை: "மொத்தச் சட்டையையும் திரும்பப் பாத்து முடிக்கிற வரைக்கும் நீங்க எங்கயும் போகாதீங்க. உங்க கையெழுத்தைத்தான் நான் நம்புவேன்." இருபத்திரண்டு வருஷத்தில் கிடைத்த ஒரே பாராட்டு, அது லாஞ்சையும் சேர்த்து விழுங்கிவிட்டது. இன்று ஜும்மா தொழுகைக்குப் பிறகு மீண்டும் சட்டைகளைத் தடவப் போக வேண்டும். இன்னும் எண்ணூறு பாக்கி.

ஊர்பேர் தெரியாத குழந்தைகளுக்காக நின்றுவிட்டு, சொந்த மகளை வாசலில் காத்திருக்க வைத்துவிட்டேன். அவள் அழுதிருப்பாள் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஹலிமாவோ எதுவும் நடக்காததுபோல் காலையிலிருந்து ஒரு பெரிய இலிஷ் மீனை நறுக்கிக்கொண்டிருக்கிறாள், கேட்டால் "பசிச்சா திங்கறதுக்கு" என்கிறாள். என்னைத் திட்டுங்கள், வாக்கில்லாதவன் என்று சொல்லுங்கள், பெண்ணை மட்டும் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் சலாம். மாப்பிள்ளைக்கு ஆசிகள். ஷெஃபாலி வயிற்றில் இருப்பவருக்கு முன்கூட்டியே என் முத்தம்.

தங்கள் உண்மையுள்ள, வெட்கத்தில் இருக்கும்,
குத்தூஸ் மியா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கதவு தட்டப்பட்டது. தாங்கள்! பின்னால் ஷெஃபாலி! ஹலிமா வியாழன் மதியமே போனில் உங்களிடம் எல்லாம் சொல்லிவிட்டாளாம். "நாலு பேரு புள்ளைக்கு இவ்வளவு பாக்கறவர் வீட்டுக்குப் பொண்ணை அனுப்ப யோசிப்பேனா? நானே கூட்டிட்டு வர்றேன்" என்று நேற்று மாலையே லாஞ்ச் ஏறிவிட்டீர்களாம், நடு ஆற்றில் போன் எப்படிக் கிடைக்கும்? பிறகு ஜும்மாவுக்குக் கை கால் கழுவி ஒளு செய்ய என் செருப்பை மாட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனவர் ஒரு செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். "சம்பந்தி, நடந்தா டக்கு டக்குங்குதே, நீங்க தேடறது இதுவா பாருங்க." அடிப்பாகத்தில் மினுமினுவென்று ஊசி நுனி. புதன்கிழமையிலிருந்து அதன்மேல் நின்றுகொண்டுதான் தேடியிருக்கிறேன். ஷெஃபாலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், "மெதுவாடி" என்று ஹலிமா கத்துகிறாள். கடிதத்தைக் கையிலேயே தருகிறேன், நான் அந்தப் பக்கம் போன பிறகு படியுங்கள். ரிஜிஸ்டரில் 'கண்டெடுத்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு, அதில் உங்கள் பெயரைத்தான் எழுதப் போகிறேன். என்ன பதவி என்று கேட்டால், சம்பந்தி என்று எழுதுவேன்.