கூட்டத்துக்கு முன்னால் கிளம்புகிறவர்

திட்டக்காரரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்பது மணி ரயிலுக்கு ஏழரைக்கே பிளாட்பாரத்தில் சூட்கேஸின் மேல் உட்கார்ந்திருப்பார், அதுவும் அவர் ஏற வேண்டிய கதவு எங்கே வந்து நிற்குமோ அதற்கு நேர் எதிரே. சினிமாவில் ஓரத்து இருக்கைதான் வேண்டும் என்பார். சாப்பிடப் போன இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்குமுன் கை கழுவும் இடம் எங்கே என்று கேட்பார். அவருக்கு நோய்நொடி எதுவும் கிடையாது. அடுத்து நடக்கப்போவது இப்போதே தெரியாவிட்டால் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுத் திட்டக்காரர் என் சித்தப்பா. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க வருகிறவர்களிடம் "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுக் கேட்டு, உலகத்தில் எதுவுமே கொஞ்சம்கூட மங்கலாக இருக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்துவிட்டவர். நான் மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "எந்த பஸ் எத்தனை மணிக்குன்னு தெரியாமலா கிளம்பின?" ஆமாம் என்றேன். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் டாக்டரைப் போல என்னைப் பார்த்தார்.

இந்த முறை அவர் கையில் சிக்கியது கோல்ஃப்.

கோல்ஃப் அவருக்கு வேண்டியதில்லை, என் சித்திக்கு வேண்டியது. சித்திக்கு போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் வேலை. நாலு வருடத்துக்கு முன் கால் முறிந்து இரண்டு மாதம் படுத்திருந்தபோது, தொலைக்காட்சியில் யாரும் கத்தாத நிகழ்ச்சி ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தாள். பச்சைப் புல், நீல வானம், ரகசியம் சொல்வதுபோல் பேசும் வர்ணனையாளர். பந்தை அடிக்கும்போது ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து நாளெல்லாம் கத்தல் கேட்கிற ஒருத்திக்கு இதைவிடச் சொர்க்கம் உண்டா?

அந்தச் சொர்க்கத்தில் அவளுக்கு ஒரு சாமியும் இருந்தார். இடதுகை ஆட்டக்காரர். பெரிய போட்டி எதையும் ஜெயித்ததில்லை. பெரும்பாலும் இரண்டாம் நாளே மூட்டை கட்டிவிடுவார், ஏனென்றால் நாலு நாள் போட்டியில் பின்தங்கியவர்கள் இரண்டாம் நாளோடு வெளியே. ஆனால் போகுமுன் கடைசிக் குழியான பதினெட்டாவது குழியருகே தொப்பியைக் கழற்றி நாலு பக்கமும் தலை குனிவார். இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறார். அவருடைய கடைசிப் போட்டி எங்கள் ஊரிலிருந்து நாலு மணி நேரத் தொலைவில் நடந்தது. "அவர் தொப்பியக் கழட்டுறத ஒரு தடவை நேர்ல பாக்கணும்" என்றாள் சித்தி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் கேட்ட முதல் பயணம் அது.

"நீ கவலைய விடு. நான் பாத்துக்கிறேன்" என்றார் சித்தப்பா.

பதினோரு மாதம் பார்த்துக்கொண்டார். ஞாயிறுதோறும் சாப்பாட்டு மேஜையில் கூட்டம். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவரே, நானும் சித்தியும் பொதுமக்கள். நாலு நிறப் பேனா: சிவப்பு கழிவறை, நீலம் குடிநீர், பச்சை நிழல், கறுப்பு வெளியேறும் வழி. போட்டி அலுவலகத்துக்கு அவர் போன் செய்த தடவைகளுக்குக் கணக்கில்லை. கடைசியில் அங்கிருந்த பெண் அவர் குரலைக் கேட்டதுமே சித்தியின் கால் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு மாதம் முன்பே ஒருநாள் தனியாகக் காரில் போய், காலியாகக் கிடந்த பார்க்கிங் மைதானத்தில் வண்டியை நிறுத்தி, எடுத்து, மறுபடி நிறுத்தி ஒத்திகை பார்த்துவிட்டு வந்தார். புல் வெட்டிக்கொண்டிருந்தவர் எந்திரத்தை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாராம். பந்தை அடிக்கும்போது சத்தம் போடக் கூடாது என்பதால் இருமலுக்குக்கூட வீட்டில் பயிற்சி நடந்தது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் இருமிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு.

கேலி செய்யலாம். ஆனால் போட்டியின் இரண்டாம் நாளான அந்த வெள்ளிக்கிழமை எல்லாம் அவர் எழுதிவைத்தபடியே நடந்ததை என்னவென்று சொல்வது? நிழல் சொன்ன இடத்தில் இருந்தது. குடிநீர் சொன்ன இடத்தில் வந்தது. பதினெட்டாவது குழிக்கு எதிரே, முதுகில் வெயில் விழும் படிவரிசையில், பத்து மணிக்கே எங்களை உட்காரவைத்துவிட்டார். ஆட்டப் பாதையை ஒட்டிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே ஆட்டக்காரர்களோடு கூடவே நடந்து போகலாம், நிறையப் பேர் அப்படித்தான் போனார்கள். சித்தி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுந்தா இடம் போயிடும்" என்றார் சித்தப்பா. இடம் போகவில்லை. எங்களைத் தாண்டி முப்பது நாற்பது ஆட்டக்காரர்கள் போனார்கள், இடதுகைக்காரர் மட்டும் வரவில்லை.

அவர் மூன்றே முக்காலுக்கு வருவார் என்று தாளில் இருந்தது. நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு நாங்கள் எழுந்திருப்போம் என்றும் இருந்தது. கூட்டத்துக்கு முன்னால் கிளம்புவது திட்டக்காரரின் வேதம். நடந்தது என்னவென்றால், எங்கோ யாரோ பந்தைப் புதருக்குள் அடித்துவிட்டு, விதி தெரிந்த அதிகாரியைக் கூப்பிட்டு, இருவருமாகப் புதரை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பின்னால் வந்தவர்களெல்லாம் காத்து நின்றார்கள். நாலு மணிக்கு இடதுகைக்காரர் பதினாறாவது குழியில் இருப்பதாகப் பலகை காட்டியது.

நாலு ஐந்துக்குச் சித்தப்பா எழுந்தார்.

"அவர் இன்னும் வரலியேங்க" என்றாள் சித்தி.

"வரலதான். மூணே முக்காலுக்கு வந்திருக்கணும்." கடைக்குச் சொன்ன நேரத்தில் வராத வாடிக்கையாளரைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார். "இப்ப எழுந்தா பதினோரு நிமிஷத்துல மெயின் ரோடு. அவர் வந்தப்புறம் எழுந்தா ரெண்டு மணி நேரம் பார்க்கிங்லயே கிடக்கணும்."

"எதுக்கு வந்தோம்னு அந்தத் தாள்ல எங்கயாவது எழுதியிருக்கா?"

நான் இருமலை அடக்கிக்கொண்டேன். அவர் நிஜமாகவே தாளைப் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் வந்தார்.

"நீங்க போய் காரை எடுங்க. நாங்க வரோம்" என்றாள் சித்தி.

போய்விட்டார். வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியைக் கழுவிவைக்கக் கிளம்புகிற மனிதர் அவர்.

நாலு ஐம்பதுக்கு இடதுகைக்காரர் வந்தார். தொலைக்காட்சியில் பார்த்ததைவிடக் குள்ளம். நாலடியில் இருந்த குழிக்குப் பந்து போகாமல் ஓரத்தைத் தொட்டு விலகியது. சிரித்தார். மறுபடி தட்டி உள்ளே போட்டார். தொப்பியைக் கழற்றினார். தலை முழுக்க வழுக்கை, அது எங்களுக்குத் தெரியாது. நாலு பக்கமும் குனிந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். சித்தி தட்டவில்லை. தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். பதினோராவது நிமிடம் மெயின் ரோட்டைத் தொட்டுவிட்டாராம். போனவரை ஒருவழிப் பாதை என்று திரும்பி வர விடவில்லை. ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்கில் நின்றார். "ரோடு அப்படியே காலிம்மா. நீங்க பாத்திருக்கணும்" என்றார்.

போட்டி நடத்தியவர்கள் விட்ட பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தோம். அவர் காருக்கு வெளியே தாளோடு நின்றார்.

"எத்தனை மணிக்கு வந்தார்?"

"நாலு அம்பது" என்றாள் சித்தி.

குறித்துக்கொண்டார். "அப்ப அடுத்த தடவைக்கு அஞ்சு மணின்னு வச்சுக்கலாம்."

"அடுத்த தடவை அவர் கிடையாதுங்க."

பேனா தாளின் மேலேயே நின்றது. பிறகு தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். இருபது கிலோமீட்டர் போனோம். அப்புறம், சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "கழட்டினாரா?" என்று கேட்டார். சித்தி சொல்ல ஆரம்பித்தாள். புதரில் விழுந்த பந்திலிருந்து வழுக்கைத் தலை வரைக்கும், ஒன்றையும் விடாமல். அவர் வண்டியை மெதுவாக ஓட்டினார்.

நீங்கள் அப்படி இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளை மேடையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே கார் சாவியைத் தேடியது யார்? விமானம் நிற்குமுன் எழுந்து, பெட்டித் தட்டுக்குக் கீழே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றது யார்? அதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்தான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், இந்தக் கடைசி வரி முடியுமுன்னே உங்கள் கண் அடுத்த பக்கத்துத் தலைப்புக்கு ஓடுகிறதே, அதைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.