கஞ்சிப்பாசியும் என் கள்ள மயக்கமும்

இந்த வருஷம் செபாஸ்தியம்மாளை மண்டபத்துக்கு அனுப்பவே கூடாது!

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில், திண்டுக்கல்லில் என் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டே இப்படி ஒரு வீரசபதம் எடுத்தேன்.

செபாஸ்தியம்மாள் என் மனைவி. அவள் அப்பாவுக்கு ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊரில் ரயில்வே வேலை. கடலோரத்தில் வளர்ந்தவள். எங்கள் தெருப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கினால்கூட ஆசையாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுக்குக் கடல் ஏக்கம். அவள் போய்விட்டால் எனக்கு அவள் ஏக்கம். போன தடவை, அவள் திரும்பும்வரை தினமும் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அடுக்கினேன். இதை எந்த ஆம்பளை வாய்விட்டுச் சொல்வான்?

அவள் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்த அன்று, வாசற்படியில் மயங்கி விழுந்தேன்.

“ஐயையோ, என்ன செய்யுது?”

“தலை சுத்துது செபாஸ்தி. உடம்புல ரத்தமே இல்ல. நீ போயிட்டு வா. நான் எப்படியாச்சும்...”

“உங்கள இப்படி விட்டுட்டு எப்படிப் போவேன்?”

ஜெயித்துவிட்டேன்! கண்ணை மூடியபடியே மகிழ்ந்தேன்.

“உங்களுக்குக் கஞ்சிப்பாசிதான் மருந்து.”

“அது என்ன?”

“கடல்ல வளர்ற சிவப்புப் பாசி. அலசி, வேகவச்சு, தேங்காப்பாலு, கருப்பட்டி போட்டுக் கஞ்சி காச்சணும். அம்புட்டும் இரும்புச்சத்து. உடம்பு துருப்பிடிக்காமயும் காக்குமாம்.”

“நான் என்ன சைக்கிள் செயினா?”

“இரும்பும் அதுதான் குடுக்கும், துரு ஏறாமயும் அதுதான் பாத்துக்கும்.”

சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். “அதுக்கு ஏன் ஊருக்குப் போகணும்? சௌகத் அலி கடையிலயே கடல்பாசி இருக்கு. நோன்புக்குப் பக்கத்து வீட்டு சர்புன்னிசா காச்சுறாகல்ல?”

“அது அலசி அலசி வெயில்ல போட்டு வெளுத்தது. குளுகுளுன்னு தொண்டையில இறங்கும், அம்புட்டுத்தான். சத்து அந்தச் சிவப்புலல்ல இருக்கு! நானே போய்ப் பறிச்சு அனுப்புறேன். அழாதீக, நாளைக்கே கிளம்புறேன்.”

நான் அழவில்லை. அழப்போகிறேன் என்பதை எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

போய்விட்டாள். தெரிந்த ரயில்வே கார்டு ஒருவர் கையில் வாராவாரம் பொட்டலம் வந்தது. நானே காய்ச்சினேன். கொதி வந்ததும் வீடெல்லாம் கடல் வாசம். ஊரிலிருந்து திரும்பிய அன்று அவள் கூந்தலில் அடிக்குமே, அதே வாசம். அடுப்பை அணைக்க மனம் வராமல் அடிப்பிடிக்க விட்டேன். கஞ்சியைக் குடிக்கக் குடிக்க உடம்பு தேறியது. மனசுதான் மெலிந்தது.

ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு ரயிலேறினேன்.

மண்டபம் கடலில், முழங்கால் தண்ணீரில் சேலையைச் சொருகிக்கொண்டு நின்றாள். கை நிறையச் செக்கச்செவேலென்று பாசி. முகத்தில், திண்டுக்கல்லில் நான் ஒருநாளும் பார்க்காத சிரிப்பு.

“அட, நல்லாத் தேறிட்டீகளே!” என்று கரைக்கு வந்தாள்.

“மயக்கமெல்லாம் பொய், செபாஸ்தி. நீ இல்லாத வீட்டுல இருக்க முடியல. அதான் அப்படி விழுந்தேன்.”

அலை வந்து எங்கள் காலை நனைத்தது. அவள் கண்ணும் நனைந்திருந்தது.

“இத அங்கனயே சொல்லியிருந்தா நான் ரயிலே ஏறியிருக்க மாட்டேனே.”

“இப்பச் சொல்லிட்டேன்ல. வா, போவோம்.”

“இப்ப எப்படி? கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்கேன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டேனே!” என்று, ஈரம் சொட்டும் பாசி மூட்டையை என் தலையில் ஏற்றிவிட்டாள்.

திரும்பும் ரயிலில் நல்ல கூட்டம். மூட்டை வாசனைக்கு எனக்கு மட்டும் காலை நீட்டிப் படுக்கவே இடம் கிடைத்தது.