விளக்கம் அங்கிளும் வாய் திறக்காத காதலனும்

உலகத்திலேயே சோகப் பாட்டைக் கேட்டுக் கோபப்பட்ட ஒரே மனிதர் எங்கள் விளக்கம் அங்கிள்தான். சிங்கப்பூர்த் தொழிற்சாலையிலிருந்து மாலையில் எங்களை மலேசியப் பக்கம் பெர்மாஸ் ஜெயாவுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பஸ்ஸின் ஓட்டுநர். உண்மைப் பெயரை யாரும் கேட்டதில்லை, அவரும் அதற்கு மட்டும் விளக்கம் தந்ததில்லை.

எல்லையிலுள்ள ஜொகூர் பாலத்து நெரிசலில் பஸ் நின்றதும் ஒரே பாட்டைப் போடுவார். சொல்லாமல் விட்ட காதலை நினைத்து ஒருவன் உருகும் பாட்டு. ஒரு வரி முடிந்ததும் நிறுத்திவிடுவார்.

“நிலாகிட்ட சொல்றானாம். நிலாவா இவன கட்டிக்கப் போவுது? பொண்ணு பக்கத்துத் தெருதானே, நேரா போய் சொல்ல வேண்டியதுதானே லா?”

ஐந்து நிமிடப் பாட்டு இப்படியே குடிநுழைவுச் சாவடிவரை நீளும். பின்வரிசை அக்கா யாராவது கண்ணைத் துடைத்தால் கண்ணாடியில் பார்த்துவிடுவார். “இவனுக்கா அழுவுறீங்க? சோம்பேறிம்மா இவன்.” பாட்டின் அர்த்தம் என்ன என்று ஒருநாள் மலாய்க்கார நண்பர் கேட்டார். “தாக் பெரானி,” என்று முடித்துவிட்டார் அங்கிள். தைரியமில்லை, அவ்வளவுதான்.

பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்றாம் வரிசையில் பேக்கிங் பிரிவு மாலதி இருந்தாள். இரண்டு வருடத்தில் அவளிடம் நான் பேசியது, “மழை வரும்போல இருக்கு” என்பது மட்டும்தான்.

அவள் வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளும் வந்தது. பாலத்தில் வண்டிகள் அசையவில்லை. அங்கிள் அன்று பாட்டைப் போடாமல் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“தம்பி, இன்னும் முக்கா மணி நேரம் நகராது. போய் சொல்லிடு.”

அவருக்கு எப்படித் தெரியும் என்று விழித்தேன். மாலதியைத் தவிர பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியுமாம். எழுந்து போனேன், ஒருவழியாகச் சொல்லியும் விட்டேன்.

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். “போன மாசம்தாங்க நிச்சயம் ஆச்சு. முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

திரும்பி வந்து உட்கார்ந்தேன். விவரம் புரியாத ஒருவர், “அங்கிள், பாட்டு போடுங்க,” என்றார்.

“ரேடியோ ரோசாக்,” என்றார் அங்கிள். நேற்றுவரை நன்றாகப் பாடிய ரேடியோ, அந்த நொடியில் பழுதாகிவிட்டதாம்.

நான் வேறு வேலைக்குப் போகும்வரை, எட்டு மாதம், அது பழுதாகவே இருந்தது. விளக்கம் சொல்ல ஒன்றுமில்லாமல் ஸ்டீயரிங்கைத் தட்டியபடி அவர் தவித்த தவிப்பைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். என்மேல் பாசம் வைத்து அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவர் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான்.