பூச்சிக்கு வைத்த பொட்டு

திருப்பதியில் பூச்சி ஆராய்ச்சி செய்யும் எத்திராஜ் மாமாவுக்கு, நகரியிலிருந்து உங்கள் அக்கா மகள் ரேஷ்மா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அம்மா நலம், நைனா நலம், விசைத்தறிகள் இரண்டும் நலம். நான் மட்டும் கழுத்தைத் திருப்ப முடியாமல் இருக்கிறேன். முதலில் சாப்பிட்டுவிடுங்கள் மாமா. படித்த பிறகு சாப்பிட மாட்டீர்கள்.

எல்லோரும் தூங்கியபின் தறிக்கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா எந்தப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசவிடுவாள், அதனால் போனில் சொல்ல வழியில்லை. காலையில் நைனா சேலைக் கட்டோடு திருப்பதி வருகிறார், அவரிடமே கொடுத்தனுப்புவேன். அவரும் அம்மாவும் தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்து தெரியாது. அந்தத் தைரியம்தான்.

ஆயுத பூஜைக்கு முன்னால் உங்கள் அறை ஒழுகுகிறது என்று மைக்ராஸ்கோப்பையும் பூச்சிப் பெட்டியையும் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனீர்கள் அல்லவா? தலகோனா காட்டில் மட்கிய இலைக்கடியில் பிடித்தது, உலகத்தில் யாரும் இதுவரை பெயர் வைக்காதது, உங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதைப் பார்த்துத்தான் எல்லாம் எழுத வேண்டும், வரலட்சுமி என்று அம்மா பெயரையே வைக்கப் போகிறேன் என்று சொன்னீர்கள். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பூஜையன்று தறிகளுக்குப் பொட்டு வைத்தவள் நேராக உங்கள் மைக்ராஸ்கோப்புக்கு வந்தாள். "நமக்குத் தறி எப்பிடியோ என் தம்பிக்கு இது அப்பிடி" என்று சொல்லிக்கொண்டே எந்தக் கண்ணாடி வழியாகப் பார்ப்பீர்களோ அந்தக் கண்ணாடியின் நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். நான் துணியோடு ஓடினேன். "பூஜையில வெச்சதை நாளைக்குக் காலையிலதான் தொடணும், தள்ளிப் போடீ" என்றாள். விடிவதற்குள் சந்தனம் காய்ந்து கல்லாகிவிட்டது.

காலையில் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பூச்சிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு சின்ன அட்டை, அதன்மேல் கொண்டைக்கடலை அளவு சந்தனம். உங்கள் பூச்சி எள்ளை விடக் கொஞ்சம்தான் நீளம். அதன் தலையில் மலையே விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். தட்டில் தண்ணீர் விட்டு ஊறவைத்தேன். சந்தனம் கரைந்தது, பிறகு நீலமாக ஏதோ ஓடியது. பூச்சிகளுக்கு இரத்தம் சிவப்பாக இருக்காது என்று பாடத்தில் படித்திருந்ததால் அது இரத்தம்தான் என்று முடிவு செய்து அழுதேன். கடைசியில் வெறும் அட்டை மிஞ்சியது. பூச்சி கரைந்தே போய்விட்டது மாமா.

அன்று சாயங்காலமே பெட்டியை எடுக்க வருகிறேன் என்று போன் செய்தீர்கள். கொட்டகை டியூப்லைட்டின் கீழே அதே ஜாடையில் ஒன்று ஊர்ந்தது. தம்பி சட்டையை அண்ணன் போட்டுக்கொண்ட மாதிரி அதன் இறக்கையின் மூடி பாதி முதுகோடு நின்றுவிட்டது, தேள் போல வாலைத் தூக்கியது. அதைப் பிடித்து, அது செத்தபின் அதே அட்டையில் பசை தடவி ஒட்டிவிட்டேன். நீங்கள் பஸ் போய்விடும் என்று பெட்டியைத் திறக்காமலே மைக்ராஸ்கோப்போடு எடுத்துக்கொண்டு ஓடினீர்கள்.

அந்தப் பூச்சியைத் தொட்ட கையால் கழுத்தைச் சொறிந்திருக்கிறேன். மறுநாள் கோடு போட்டதுபோல் கொப்புளம். நைனா பார்த்துவிட்டு "அம்மை போட்டுக்கினு இருக்குது" என்றார். வாசலில் வேப்பிலை கட்டினார்கள், பள்ளிக்கூடம் நின்றது, அம்மை வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது என்று அம்மா தாளிப்பதை நிறுத்தினாள். உண்மையைச் சொன்னால் பூச்சி வெளியே வந்துவிடும், சொல்லாவிட்டால் தாளிப்பு வராது. "எத்தினி நாளைக்குத்தான் இந்தப் பருப்பைத் துன்றது" என்று நைனா சாமி படத்தைப் பார்த்துக் கேட்கிறார். பக்கத்து வீட்டு ருக்மணி அக்கா தூரத்தில் நின்றே நலம் விசாரிக்கிறார். படுத்துப் படுத்தே களைத்துவிட்டேன் மாமா.

இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். இன்றைக்கு நீங்கள் போனில் பேசியதைத்தான் தாங்க முடியவில்லை. "அக்கா, நான் தப்பா பார்த்திருக்கேன். உடம்பு பூரா கறுப்புன்னு ஆறு மாசமா எழுதிகினு வந்தேன். பார்த்தா கழுத்து ஆரஞ்சா இருக்குது, லைட்டுக்கு வர, மேல பட்டா கொப்புளம் போடற சாதாரணப் பூச்சி. அதைப் பிடிச்ச ஊர் பேர் எழுதின அட்டையையும் தொலைச்சிருக்கேன். எனக்கு இந்த வேலை சரிப்படாது. திங்கக்கிழமை கைடு கிட்ட போயி விட்டுடறேன்னு சொல்லப் போறேன்" என்றீர்கள். அம்மா முகம் தொங்கிவிட்டது. நைனா மட்டும் "கொப்புளம் போடற பூச்சியா? அப்ப பேர் பொருத்தமாதான் இருந்துச்சு" என்றார்.

மாமா, நீங்கள் தப்பாகப் பார்க்கவில்லை. உங்கள் கண் நன்றாக இருக்கிறது. கைடிடம் போகாதீர்கள். உங்கள் பூச்சி கறுப்புதான், புதியதுதான். அது இப்போது இல்லை, அவ்வளவுதான். மறுபடியும் தலகோனா போனால் இன்னொன்று கிடைக்காதா? என்னைத் திட்டுங்கள், பேசாமல் மட்டும் இருக்காதீர்கள். பெரியவர்கள் எல்லோர் ஆசியும் உங்கள் ஆராய்ச்சிக்கு உண்டு. என் ஆசி எடுபடுமானால் அதுவும்.

இப்படிக்கு,
உங்கள் பூச்சியைக் கரைத்த
ரேஷ்மா

பின்குறிப்பு: கையெழுத்துப் போடும்போது அம்மா வந்து நின்றாள். படிக்கத் தெரியாவிட்டாலும் என் மூஞ்சியைப் படித்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். "செத்ததைப் போயி யாராச்சும் பூஜையில வெப்பாங்களாடி? அது ஒட்டின அட்டையை அன்னிக்கே எடுத்துத் தீப்பெட்டில வெச்சு மேல் பலகையில போட்டேன். அவன் வரேன்னு போன் போட்ட அமளியில சொல்ல மறந்துட்டேன்" என்றாள். அப்படியானால் சந்தனம்? "கூட இருந்த எழுத்து அட்டைக்கு வெச்சேன். அதுவும் அவன் தொழில் சாமான்தானே." நீலமாக ஓடியது நீங்கள் எழுதிய மை மாமா. நான் அழுதது உங்கள் கையெழுத்துக்கு.

தீப்பெட்டியைத் திறந்து பார்த்தோம். தலை முதல் வால் வரை கறுப்பு, ஒரு கால்கூடக் குறையவில்லை. ஆகவே மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். நைனா இந்தக் கடிதத்தோடு தீப்பெட்டியையும் கொண்டு வருகிறார். தாளித்த பருப்பைச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவாராம். நல்ல காரியமாகப் போகிறதே என்று அம்மா தீப்பெட்டிக்கு ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். வெளியேதான். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன்.