எலுமிச்சம்பழம் நசுக்கிய ரயில்பெட்டி

சும்மா செய்து கொடுக்கிற வேலைக்குத்தான் வயிற்றெரிச்சல் அதிகம். சம்பளத்துக்குச் செய்த வேலை சம்பளத்தோடு மறந்துவிடும். ‘சேவை’ என்று இறங்கினீர்களோ, தொலைந்தீர்கள். ஆத்திரத்தில் சொல்கிறேன் என்று நினைத்தால் சரிதான், ஆத்திரத்தில்தான் சொல்கிறேன்.

ஹட்டனில் எனக்கு ஒரு தையற்கடை. லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அந்த ஞாயிறையும் என் வீட்டுக்காரர் செல்வராஜ் ஒரு ரயில்பெட்டிக்குத் தாரைவார்த்தார். ஸ்டேஷனுக்குப் பின்னால், யாரும் பாவிக்காத தண்டவாளத்தில், வெள்ளைக்காரன் காலத்து மரப்பெட்டி ஒன்று மழையில் ஊறிக் கிடந்தது. இனி ஓடாது என்று ரயில்வேக்காரர்கள் பழைய இரும்புக்குப் போட இருந்தார்கள். ரிட்டயரான ரயில் கார்ட் குணபால மாத்தயா, என் வீட்டுக்காரர், வீட்டில் ஒரு பல்பு மாட்டத் தெரியாத இன்னும் சில ஆம்பிளைகள் எல்லோரும் சேர்ந்து, “நாங்க சும்மாவே திருத்தித் தர்றோம், இங்கேயே நிக்கட்டும், ஊர்ப் பிள்ளைங்க பாக்கட்டும்” என்று கேட்டு, திருத்த மட்டும் அனுமதி வாங்கினார்கள். சீட்டுக்கு உறை தைக்க ஆள் வேண்டுமாம். நான் ஒருத்தி இளிச்சவாய் இருக்கிறேனே!

அந்த ரெக்சினில் ஊசி இறங்கவே இறங்காது. மெஷினில் ஊசி முறிந்து, கடைசியில் கையால் குத்திக் குத்தி விரல் வீங்கியது. ஆனாலும் பச்சை நிறத்தில் எல்லா சீட்டும் பளபளவென்று ஆனபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெட்டியை விட எனக்கு மனசில்லை. எங்கள் ஊரிலேயே நிற்க வேண்டும் என்று வேண்டாத சாமி இல்லை.

அதை முடிவு செய்யக் கொழும்பிலிருந்து ஒரு ரயில்வே பெரிய ஐயா வந்தார். வந்ததும் குணபால மாத்தயா அவரைப் பெட்டிக்குள் கூட்டிப்போய், என் சீட்டில் உட்காரவைத்தார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

“எலுமிச்சம்பழம் நசுக்காம என்னாங்க வண்டி?”

“அடியே, இது ரயிலுடி. ஆட்டோ இல்ல,” என்றார் வீட்டுக்காரர்.

“ஏன், ரயிலுக்குக் கண்ணு படாதா? ஒரு சாண் தள்ளுனாப் போதும். வாயப் பாக்காம கட்டைய எடுங்க!”

சக்கரங்களுக்கு முன்னால் தண்டவாளத்தில் பழங்களை நானே வைத்தேன். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளை எடுத்துவிட்டுத் தள்ளினார்கள். அசையவில்லை. “காலையில சோறு திங்கலையா? நல்லாத் தள்ளுங்கய்யா!” என்று கத்தினேன். (யார் கேட்டது என் வீரத்தை?) பெட்டி நகர்ந்தது. பழம் நசுங்கியது. கண்ணை மூடிக் கும்பிட்டேன். திறந்து பார்த்தால் பெட்டி போய்க்கொண்டே இருக்கிறது! அந்த இடம் இறக்கம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மலைநாட்டில் பிறந்த மக்கள்!

“பிரேக்கப் போடுங்க மாத்தயா!”

உள்ளே அவர் கைப்பிரேக் சக்கரத்தைச் சுற்று சுற்றென்று சுற்றினார். எண்ணெய் போட்ட சக்கரம், அழகாகச் சுற்றியது. அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை.

வீட்டுக்காரரைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது.

“கீழ இருந்த பிரேக் சங்கிலி எங்கங்க?”

“பெயின்ட் காயட்டும்னு கொய்யா மரத்துல தொங்கவிட்டேன்.”

பெரிய ஐயாவோ இதெல்லாம் வரவேற்பு என்று நினைத்து, ஜன்னலில் நின்று எங்களுக்குக் கை காட்டிக்கொண்டே போனார். தண்டவாளம் முடிகிற மண்மேட்டுக்கு முன்னால் சாப்பாட்டு மேசை. அதை அங்கே போட்ட மகராசி யார் என்று கேட்காதீர்கள். அங்கேதான் கொஞ்சம் வெயில் இருந்தது. கோழிக்கறி, பருப்பு, அப்பளம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு மண்ணில் முட்டி நின்றது பெட்டி.

ஐயா இறங்கினார். ஒரு கீறல் இல்லை. சந்தோஷமாகச் சிங்களத்தில் சொன்னார்: “அருமையா ஓடுதே! ஓடாதுன்னுதான் இங்க விட்டோம். ஓடுற பெட்டிய எப்படி இங்க வச்சிருக்கிறது? சட்டம் விடாதே!”

“ஐயா, அது ஓடலைங்க! நாங்க தள்ளினோம்! பிரேக்கே இல்லைங்க ஐயா!” என்று கதறினேன்.

“பிரேக்க நாங்க போட்டுக்கிறோம்,” என்றார்.

கொஞ்ச நாளில் இன்ஜின் வந்து இழுத்துக்கொண்டு போனது. இப்போது வெளிநாட்டுக்காரர்கள் என் சீட்டில் உட்கார்ந்து மலை பார்க்கிறார்கள். நாசமாய்ப் போக! அவர்களை இல்லை, அந்தச் சட்டத்தை. பழுதாய்க் கிடந்தபோது திரும்பிப் பார்க்க ஒரு நாதி இல்லை. நாங்கள் உயிரைக் கொடுத்துத் திருத்தியதும் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் கறி நன்றாக வைத்தால்கூட, “ரொம்ப நல்லா செய்யாத, கொழும்புல இருந்து வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க,” என்று வீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுவார். மகளும் சேர்ந்து சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கொழும்பு. வேனில் ஏற்றி அனுப்பும்போது வீட்டுக்காரர் என் காதருகே குனிந்தார்.

“நீதான்டி, ரொம்ப நல்லா வளத்துட்ட.”

எல்லோர் முன்னாலும் அவர் கையைக் கிள்ளினேன். அந்த மனுஷன் கிள்ளுக்கு அழுவதுபோல அழுதார்.