சம்பந்தி வீட்டு மேகம்

யூதேயாவில் சட்டப்படி, ஆசாரியர் வாய் திறந்து "தீட்டு" என்று சொல்லும்வரை தோலில் இருப்பது வெறும் தோல்தான். சொன்ன கணத்திலிருந்து ஆள் ஊருக்கு வெளியே. மருந்து தருவது அவர் வேலை இல்லை. பார்ப்பார், சொல்வார், அவ்வளவுதான்.

நார் சீவிப் பிழைத்த மேராபின் முழங்கையில் அவரை விதை அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. ஆசாரியர் யோயாரிப் அவளை ஏழு நாள் அடைத்து வைத்துப் பார்த்துவிட்டு, திருவாய் மலர்ந்து தீட்டு என்றார். உடுப்பைக் கிழித்துக்கொண்டு, தலையை விரித்துப் போட்டு, யார் கிட்டே வந்தாலும் "தீட்டு, தீட்டு" என்று தானே கூவி விலக்கிக்கொண்டு ஊர்வாசலுக்கு வெளியே உட்கார்ந்தாள். வாற்கோதுமை அறுப்பு முடிந்ததும் மகள் எப்ராத்துக்குக் கல்யாணம். பெற்றவள் பக்கத்தில் நிற்க முடியுமா என்பது ஒன்றுதான் அவள் கவலை.

திட்டு பரவியது. தலை முதல் கால்வரை வெளுத்த பிறகு யோயாரிப் மறுபடி வந்தார். காதுக்குப் பின்னால், கால்விரல் இடுக்கு, ஒன்றையும் விடவில்லை.

"முழுசும் வெள்ளையா இருக்கும்மா. சட்டப்படி நீ சுத்தம். வீட்டுக்குப் போ."

"கொஞ்சமா இருந்தப்ப தீட்டுன்னீங்களே ஐயா?"

"கொஞ்சம்னா சந்தேகம் வரும். இப்ப என்ன சந்தேகம்?"

போனாள். விதை அளவைக் கண்டு ஓடிய தெரு, இப்போது அவளைக் கட்டிப் பிடித்து, அவள் கிண்டிய பருப்புக் கூழை வழித்து நக்கியது.

கல்யாணத்தன்று விபரீதம் நடந்தது. அவளுக்குக் குணமாகத் தொடங்கியது. மணிக்கட்டில் பயறளவு நல்ல சதை, இளஞ்சிவப்பாக. இடையில் நல்ல சதை தெரிந்தால் சட்டப்படி மறுபடி தீட்டு.

மாப்பிள்ளையின் அம்மா ஏலாள்தான் முதலில் கண்டாள். "இன்னைக்குத்தானா உங்களுக்கு உடம்பு தேறணும் சம்பந்தி?"

மாப்பிள்ளைக்குத் திட்டு வந்தால் கல்யாணத்து ஏழு நாளும் பார்க்காமல் விட விதி உண்டு. மாமியாருக்கும் உண்டா என்று விருந்துக்கு வந்திருந்த யோயாரிப்பிடமே மெல்லக் கேட்டுப் பார்த்தார்கள். மாமியாரைப் பற்றிச் சட்டம் மௌனம் சாதிக்கிறது என்றார், ஆட்டுத்தொடையைக் கடித்தபடி. அப்போதுதான் அந்த மணிக்கட்டு அவர் கண்ணில் பட்டது. தீட்டு என்று சொன்னால் அவள் நிற்கும் வீடு தீட்டு, வீட்டிலிருக்கும் பாத்திரம் தீட்டு, பாத்திரத்தில் இருக்கும் ஆடும் தீட்டு. வாயில் இருந்ததை விழுங்கினார். எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார்.

"மேகமா இருக்கே. மேகமூட்டத்துல திட்டு பாக்கக் கூடாதுன்னு விதி."

வெயில் மண்ணைப் பொரித்துக்கொண்டிருந்தது. பந்தி முழுக்க அண்ணாந்து பார்த்து, ஆமாம், கறுத்துக்கொண்டுதான் வருகிறது என்றது. எல்லாரையும் முந்திக்கொண்டு சொன்னது மேராப்.

விருந்து நடந்த ஏழு நாளும் அந்த வீட்டுக்கு மேலே மேகம் கலையவே இல்லை. நடுவில் மூன்றாம் நாள், தெருக்கோடிச் செருப்பு தைக்கிறவன் கழுத்தில் ஏதோ திட்டு என்று அவனைப் பிடித்துக்கொண்டு வந்து யோயாரிப் முன்னால் நிறுத்தினார்கள். வெளிச்சம் போதுமா என்று அவர் பொதுவாகக் கேட்டார்.

மேராப் கையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நல்லா பளிச்சுன்னு இருக்குங்கய்யா," என்றாள்.