ஞாயிற்றுக்கிழமை பான்கேக்

"இன்னும் நாலு போடுங்கம்மா" என்று சியோனே தட்டை நீட்டினான். மேசையின் மறுமுனையில் மைகா விலாவில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

நேற்றைய அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் முழுக்க மைகா விழுந்துகொண்டே இருந்தான். பந்தை எறியக் கையை ஓங்கும்போதெல்லாம் எதிரணித் தடியன் ஒருவன் அவன்மேல் வந்து படுத்தான். அவனைக் காக்க வேண்டிய முன்வரிசைக்காரர்கள் ஐந்து பேரும் இப்போது வெர்லின் ஸ்டட்ஸ்மன் வீட்டுச் சமையலறையில் பான்கேக் தின்றுகொண்டிருந்தார்கள்.

வெர்லின் அந்த ஐவரின் கோச். கான்சாஸில் இருக்கும் எங்கள் சின்னக் கல்லூரி, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியே ஜெயித்துப் பழகியது. எறிவதெல்லாம் வேறு வழியே இல்லாவிட்டால்தான். ஓடும் ஆட்டத்தில் முன்வரிசைக்கு ஒரே வேலை, எதிரில் நிற்பவனை முட்டித் தள்ளுவது. எவனையாவது மல்லாக்கச் சாய்த்தால் ஞாயிற்றுக்கிழமை வெர்லின் வீட்டில் பான்கேக். எத்தனை பேரைச் சாய்த்தானோ அத்தனை தட்டு. பல வருஷ வழக்கம் அது. சுடுவது மனைவி லுவான், பெருமை வெர்லினுக்கு.

"அந்தப் பையன் முகத்தைப் பாருங்க. எனக்கே பாவமா இருக்கு" என்றாள் லுவான்.

"ஆட்டம்னா அடி படத்தான் செய்யும். சியோனேக்கு சிரப் ஊத்து."

மறுநாள் தலைமைக் கோச் ஹேட்லி ஓர் இளைஞனை மைதானத்துக்குக் கூட்டிவந்தார். இஸ்திரி கலையாத கால்சட்டை, பளிச்சென்ற பல்வரிசை.

"இவர் பிரெஸ்டன். எறியறவனை எப்படிக் காப்பாத்தறதுன்னு நம்ம பசங்களுக்குச் சொல்லித் தருவார்."

"அப்ப நான் எதுக்கு?"

"நீ முட்டச் சொல்லிக் குடு வெர்லின். இவர் நிக்கச் சொல்லித் தருவார்."

பிரெஸ்டன் சொல்லிக்கொடுத்ததைப் பார்க்கப் பார்க்க வெர்லினுக்கு வயிறு எரிந்தது. பின்னால் ஓர் அடி வை, குனிந்து உட்கார்வதுபோல் நில், வருகிறவனை வரவிட்டு நெஞ்சில் கை கொடு. இதற்கு ஒரு வாத்தியாரா? போதாக்குறைக்கு அவன் சொன்ன ஒரு மொக்கை ஜோக்குக்கு சியோனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெர்லினின் ஜோக்குக்கு அவன் ஒருநாளும் பல்லைக் காட்டியதில்லை.

பயிற்சி முடிந்ததும் பிரெஸ்டன் பணிவாக வந்து நின்றான். "சார், தப்பா நினைக்காதீங்க. சாய்ச்சாத்தான் பான்கேக்னு சொன்னா பசங்க பாய்ஞ்சுடறாங்க. எதிராளி ஒதுங்கிக்கிறான், மைகா மாட்டிக்கிறான். கொஞ்ச நாளைக்கு அதை நிறுத்தி வெச்சா..."

"தம்பி, மைதானத்துல என்ன வேணா பண்ணு. என் வீட்டு அடுப்புல கை வைக்காதே!"

அன்று மாலையே வெர்லின் ஐவரையும் ஓரமாகக் கூப்பிட்டார். "இந்த வாரம் சாய்க்கிறவனுக்குப் பான்கேக்கோட பன்னிக்கறி பேக்கனும் உண்டு. புது ஆளுகிட்டச் சொல்லாதீங்க."

சனிக்கிழமை ஐந்து பேரும் பசித்த வயிற்றோடு முன்னால் பாய்ந்தார்கள். எதிரணி நாசூக்காக விலகி வழிவிட்டது. மைகாவின் ஹெல்மெட் ஒரு பக்கமும் ஷூ ஒரு பக்கமும் கிடந்தன.

"பாத்தீங்களா, பிரெஸ்டன் பசங்களைக் குழப்பிட்டான்" என்றார் வெர்லின், ஹேட்லியிடம்.

அடுத்த வாரம் அவரே களத்தில் இறங்கினார். அவன் ஓர் அடி பின்னால் போகச் சொன்னால் நான் ஆறு அடி போகச் சொல்வேன் என்று, ஐவரையும் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பின்னாலேயே ஓடவைத்தார். அந்தச் சனிக்கிழமை எதிரணியின் கை மைகாமேல் படவே இல்லை. சொந்த ஆட்களே பின்னால் ஓடிவந்து அவனை மிதித்துவிட்டார்கள்.

ஹேட்லி கத்தவில்லை. அதுதான் வெர்லினைப் பயமுறுத்தியது.

"வர்ற சனிக்கிழமை பழைய மாணவர்கள் எல்லாரும் வர்ற ஆட்டம். மைகா அன்னைக்கும் மண்ணைக் கவ்வினான்னா, திங்கட்கிழமையிலிருந்து முன்வரிசை பிரெஸ்டனுக்கு. நீ கொடவுன்ல ஹெல்மெட் எண்ணிக்கிட்டு இரு."

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிய வெர்லின் எதிர்வீட்டு மரத்தடியிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். அவர் வீட்டு வாசலில் பிரெஸ்டனின் கார். சமையலறை ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. மேசையைச் சுற்றி ஐந்து தடியர்கள், நடுவில் பிரெஸ்டன். லுவான் ஏதோ வெள்ளைத் துணியைத் தூக்கி உதறி உதறிப் பேசினாள். ஐவரும் தலையாட்டினார்கள். பிரெஸ்டன் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய கூட்டம், வியாழக்கிழமை, அதுவும் அவர் இல்லாமல்! பசங்களைப் பறித்துக்கொண்டது போதாதென்று வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டான். எல்லாரும் போகும்வரை வெர்லின் காரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"யாராச்சும் வந்தாங்களா?" என்று உள்ளே நுழைந்ததும் கேட்டார்.

"இங்க யாரு வரப்போறா?" என்றாள் லுவான், சிங்க்கில் ஏழு கோப்பைகளைக் கழுவிக்கொண்டே.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.

சனிக்கிழமை நடந்ததை எங்கள் ஊர் இன்றும் பேசுகிறது. எறியும் ஆட்டம் என்றதும் ஐவரும் ஓர் அடி பின்வாங்கினார்கள், குனிந்தார்கள், வந்தவனை நெஞ்சில் கை வைத்து நிறுத்தினார்கள். ஒருவனும் பாயவில்லை. மைகா ஆற அமர நின்று, வேடிக்கை பார்த்து, பந்தை எறிந்தான். ஜெயித்தோம்.

ஜெயித்த ஆட்டத்தின் பந்தை யாராவது ஒருவருக்கு மரியாதையாகக் கொடுப்பது வழக்கம்; அன்று அது வெர்லின் கைக்கு வந்தது. உடை மாற்றும் அறையில் அதை எடுத்துக்கொண்டு நேராகப் பிரெஸ்டனிடம் போனார்.

"எடுத்துக்கோ. பசங்களையும் எடுத்துக்கோ. எனக்குப் பொறாமைதான், ஒத்துக்கறேன். ஆனா ஜெயிச்சது நீதான்."

பிரெஸ்டன் பந்தைத் திருப்பித் தள்ளினான். "ஐயோ, எனக்கு எதுக்கு சார்? நான் சொன்னதை இவங்க ஒருநாளாவது கேட்டாங்களா? வியாழக்கிழமை உங்க வீட்டம்மா கூப்பிட்டு..."

"அவளை விடு! நீ சொன்னதைக் கேக்கலையா? நிஜமாவா?"

"சத்தியமா கேக்கல சார்."

வெர்லினின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. அவன் இல்லையென்றால் வேறு யார்? பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெஞ்சுமேல் ஏறினார்.

"பசங்களா! பின்னாடி ஓட வெச்சப்போ என்னைத் திட்டியிருப்பீங்க. இப்பப் புரிஞ்சுதா, கோச்னா யாருன்னு?"

ஐவரும் தரையைப் பார்த்தார்கள். சியோனே இருமினான்.

மைகா தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் பதமாக மடித்து, வெர்லினின் கையில் இருந்த பந்தின்மேல் வைத்தான்.

"கோச், இதைத் துவைக்கப் போட்டுடாதீங்க. ஒரு பொட்டு அழுக்கு இல்லைன்னு தன் கண்ணால பாத்தாத்தான் நாளைக்கு இவங்களுக்கு மாவு கரைப்பேன்னு லுவான் அம்மா கறாராச் சொல்லியிருக்காங்க."